ஸ்கவுட்: தமிழில் நோட்டக்காரர்

அமெரிக்க பேஸ்பாலைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால் முதல் பத்தியிலேயே இடறுகிற சொல் ஸ்கவுட். அகராதியைப் புரட்டினால் சாரணர் என்று கிடைக்கும். சரி, எழுதிப் பாருங்கள், "கல்லூரி மட்டையாளரைப் பார்க்க மூன்று சாரணர்கள் வந்திருந்தார்கள்" என்றால் காக்கி உடையும் கழுத்துப்பட்டையும்தான் கண்முன் வந்து நிற்கும். இவர்கள் வேறு ஆட்கள். தொழில்முறை அணிகள் டிராஃப்ட் என்ற பெயரில் ஆண்டுதோறும் முறை வைத்துப் புது ஆட்டக்காரர்களை எடுத்துக்கொள்கின்றன, 1965-ல் தொடங்கிய வழக்கம் இது, அதில் முதல் ஆளாக எடுக்கப்பட்ட ரிக் மண்டேயே அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஆடிக்கொண்டிருந்தவர்தான். அந்த நாளுக்கு முன்னால் மைதானம் மைதானமாக அலைந்து, எந்தப் பையன் தேறுவான், எவன் தேறமாட்டான் என்று அணிக்கு எழுதி அனுப்புகிறவர்தான் ஸ்கவுட்.

இந்தச் சொல்லின் வேரில் கண்ணுக்கு வேலையே இல்லை, எல்லாம் காதுக்குத்தான். பழைய பிரெஞ்சில் 'எஸ்கூட்டர்' என்றால் கேட்பது, அது லத்தீன் 'அவுஸ்குல்தாரே'யிலிருந்து வந்தது. மருத்துவர் ஸ்டெதாஸ்கோப் வைத்து நெஞ்சுச் சத்தம் கேட்பதை ஆஸ்கல்டேஷன் என்கிறார்களே, அதற்கும் இதே வேர். படைக்கு முன்னே போய் ஒட்டுக்கேட்டு வந்தவன் ஸ்கவுட் ஆனான், அப்புறம் விளையாட்டு அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது.

பேஸ்பாலில் அந்தக் காது இன்னும் போகவில்லை. பக் ஓநீல் என்றொருவர், கறுப்பினத்தவருக்கென்று தனி லீக் இருந்த காலத்தில் கான்சஸ் சிட்டி மொனார்க்ஸ் அணிக்கு ஆடியவர், பிறகு சிகாகோ கப்ஸ் அணிக்கு ஸ்கவுட்டாகி, சதர்ன் பல்கலைக்கழகத்து லூ பிராக்கைக் கண்டெடுத்தவர். பந்து மட்டையில் படும்போது எழும் ஒரு தனிச் சத்தத்தை வாழ்நாளில் வலுவான அடிக்குப் பேர்போன மூன்று மட்டையாளர்களிடம்தான் கேட்டதாக அவர் சொல்லிவந்தார்: பேப் ரூத், ஜாஷ் கிப்சன், போ ஜாக்சன்.

கல்லூரி மட்டையாளர்களிடம் இந்தக் காதுக்கு ஒரு சோதனை உண்டு. அங்கே 1974-லிருந்து அலுமினிய மட்டைக்கு அனுமதி, தொழில்முறை ஆட்டத்திலோ மரமட்டை மட்டும்தான். அலுமினிய மட்டை உள்ளே வெற்று. பந்து பட்டதும் இம்மி அமுங்கி, மீண்டு, பந்தை உந்திவிடும், 'டிங்' என்று ஒரே சத்தம். உடம்பை ஒட்டி வருகிற பந்தைக் கைப்பிடிக்குப் பக்கத்தில் வாங்கினால் மரமட்டை முறிந்து போகும், அதே அடி அலுமினியத்தில் உள்களத்துக்காரர்களின் தலைக்கு மேலே போய்ப் புல்லில் விழுந்து, கணக்கில் நல்ல அடியாக ஏறிவிடும். 2011-ல் மட்டையின் உந்துசக்திக்குக் கடுமையான வரம்பு கொண்டுவந்தார்கள், என்றாலும் மரம் மரம்தான். அதனால்தான் கோடையில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேப் காட் லீகுக்கு அணிகள் ஆள் அனுப்புகின்றன, அங்கே கல்லூரிப் பையன்கள் 1985-லிருந்து மரமட்டையால்தான் ஆடுகிறார்கள்.

இப்போது தமிழுக்கு வருவோம். ஒற்றர் என்று சொல்லலாமே என்பார்கள், அதில் நியாயம் இருக்கிறது. குறளில் ஒற்றாடல் அதிகாரம், ஒரு ஒற்றன் கொண்டுவந்த செய்தியை இன்னொரு ஒற்றனை வைத்துச் சரிபார் என்கிறது, ஒருவரை ஒருவர் அறியாதபடி வைத்து மூவர் சொல்லும் ஒத்துப்போனால் நம்பு என்கிறது. பேஸ்பால் அணிகளில் கிராஸ்செக்கர் என்றே ஒரு பதவி உண்டு, வட்டார ஸ்கவுட் பாராட்டி எழுதிய பையனை மறுபடி போய்ப் பார்ப்பதுதான் அவர் வேலை. ஆனாலும் ஒற்றர் என்றால் ஒளிந்திருக்க வேண்டும், எதிரி வேண்டும். இவர் பந்து பிடிப்பவருக்குப் பின்னால், எல்லோரும் பார்க்க, கையில் வேகமானியோடு உட்கார்ந்திருக்கிறார். அடுத்து மோதப்போகும் அணியை முன்கூட்டியே போய்ப் பார்த்து வருகிற அட்வான்ஸ் ஸ்கவுட் ஒருவர் இருக்கிறார், ஒற்றர் என்ற சொல்லை அவருக்கு வைத்துக்கொள்ளலாம்.

'திறன் கண்டறிபவர்' என்பது பொருளில் சரி, வாயில் நிற்காது.

என் தேர்வு நோட்டக்காரர். இன்று 'நோட்டம் விடுவது' என்றால் மேலோட்டமாக ஒரு பார்வை பார்ப்பது, ஆனால் பழைய வழக்கில் நோட்டம் என்றால் நாணயத்தையும் பொன்னையும் நல்லதா கள்ளதா என்று சோதிப்பது, அதைத் தொழிலாகச் செய்தவர் நோட்டக்காரர். கன்னடத்தில் இன்றும் 'நோடு' என்றால் பார் என்றுதான் பொருள். காசைச் சோதிக்க வெறும் பார்வை போதுமா? கட்டைவிரல் நகத்தில் வைத்துச் சுண்டி, கல்லில் போட்டு, அது எழுப்பும் ஒலியைக் கேட்க வேண்டும், வெள்ளி ஒருவிதமாக ஒலிக்கும், ஈயம் கலந்தது மொத்தென்று விழும். மண்பானை வாங்கும்போது நாம் தட்டிப் பார்ப்பதும் இதே காதுதான். பார்வையும் கேள்வியும் ஒரே சொல்லில் வந்து சேர்கின்றன, இதைவிடப் பொருத்தம் எனக்குத் தெரியவில்லை.

கூட வேறு சொற்களும் தாமாகவே வந்துவிடும். கிராஸ்செக்கருக்கு மறுநோட்டக்காரர். ஸ்கவுட்டின் அறிக்கையில் பந்தைச் சந்திக்கும் திறன், அடியின் வலு, ஓட்டம் என்று ஒவ்வொன்றுக்கும் 20 முதல் 80 வரை மதிப்பெண் உண்டு, 50 என்றால் தொழில்முறை பேஸ்பாலின் உச்சமான மேஜர் லீக் ஆட்டக்காரரின் சராசரி. கிரேடு என்கிற இந்த மதிப்பெண்ணுக்கு நம்மிடம் மாற்று இருக்கிறது, பத்தரை மாற்றுத் தங்கம் என்கிறோமே அந்த மாற்று. "இவன் வலுவில் 60 மாற்று" என்று எழுதினால் யாருக்கும் விளங்கும்.

நோட்டம் தவறுவதும் உண்டு. 2009 டிராஃப்டில் டெக்சஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் பால் கோல்ட்ஷ்மிட்டை 245 பேருக்குப் பிறகுதான் எடுத்தார்கள், 2022-ல் அவர் மேஜர் லீகின் இரு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர். கோல்ட்ஷ்மிட் என்றால் ஜெர்மனில் பொற்கொல்லர்.