கிராக் போட்ட சாஃப்ட்வேரும் காணாமல் போன கோபுரமும்

கும்பகோணத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பொழுதுபோக்காக 3டி அனிமேஷன் செய்கிற ஆட்கள் இந்தப் பக்கம் இப்போது நிறையப் பேர். ஒருவர் தாராசுரம் கோவில் தேர்ச் சக்கரத்தைச் சுழல விடுகிறார், இன்னொருவர் தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையை ஆட வைக்கிறார். நல்ல விஷயம்தான், ஆனால் அவர்களுடைய மெஷின் என் மேஜைக்கு வருகிற காரணங்களைப் பார்த்தால் வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

முதல் காரணம் கிராக், அதாவது காசு கட்டாமல் ஓட உரிமப் பூட்டை உடைத்த திருட்டு சாஃப்ட்வேர். மாதக்கணக்காகச் செதுக்கிய கோபுரம் திறக்கவில்லை என்று வருவார்கள். பார்த்தால் எல்லா ஃபைல் பெயருக்குப் பின்னாலும் புரியாத நாலு எழுத்து ஒட்டியிருக்கும், ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு ரீட்மீ ஃபைல் கிடக்கும். திறந்து படித்தால் 980 டாலர் கொடு, 72 மணி நேரத்துக்குள் வந்தால் பாதி விலை என்று இருக்கும். ஆடித் தள்ளுபடி மாதிரி! ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கிற வைரஸுக்கு ரான்சம்வேர் என்று பெயர், அதில் 'ஸ்டாப்' என்று பெயர் வாங்கிய கூட்டத்தின் வழக்கமான கடிதம் அது. கிராக், கீஜென் (போலி உரிம எண் தயாரிக்கும் நிரல்) வழியாகவே அதிகம் பரவியது.

"தம்பி, ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணினியா?"

"ஆமாண்ணே, அதுலயே அப்படித்தான் போட்டிருந்துச்சு."

திருடனே வந்து பூட்டைத் திறந்து வை என்கிறான், நாமும் திறந்து வைக்கிறோம். பணம் கட்டினாலும் ஃபைல் திரும்பும் என்று எந்த உறுதியும் கிடையாது. பூட்டிய விதத்தைப் பொறுத்துச் சிலவற்றை இலவசக் கருவிகளால் மீட்கலாம், அதனால் அவசரப்பட்டு ஃபார்மட் போட்டுவிடாதீர்கள். முதலில் நெட்டைத் துண்டியுங்கள், அப்புறம் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குச் சொல்லுங்கள்.

எனக்குப் புரியாதது என்னவென்றால், இந்த வேலைக்குக் கிராக்கே தேவையில்லை. பிளெண்டர் என்ற 3டி சாஃப்ட்வேர் முழுக்க இலவசம். 2002-இல் உலகம் முழுக்க ஆர்வலர்கள் ஒரு லட்சம் யூரோ திரட்டி அதன் மூல நிரலை வாங்கிப் பொதுவில் விட்டார்கள். 2025-இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய 'ஃப்ளோ' பிளெண்டரில் செய்ததுதான். அதற்கே போதுமென்றால் நம்ம தலையாட்டி பொம்மைக்குப் போதாதா? இல்லை, காசு கொடுத்து வாங்குகிற மாயா சாஃப்ட்வேர்தான் வேண்டும் என்றால் படிக்கிறவர்களுக்கு ஓராண்டு இலவச உரிமம் கிடைக்கிறது, படிக்கும்வரை புதுப்பித்துக்கொள்ளலாம். ஒன்று, பிளெண்டர் ஃபைலுக்குள்ளும் பைத்தான் நிரல் ஒளிந்திருக்க முடியும். முன்பின் தெரியாத இடத்தில் இறக்கிய மாடலைத் திறக்கும்போது நிரலை ஓட விடவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அடுத்தது கரண்ட். பத்து நொடி வீடியோ என்றால் நொடிக்கு 24 வீதம் 240 படம். ஒவ்வொரு படத்தையும் கம்ப்யூட்டர் கணக்கிட்டு வரைய வேண்டும், அதுதான் ரெண்டர். ஒரு படத்துக்கு மூன்று நிமிடம் ஆனாலும் 12 மணி நேரம். ஐப்பசி, கார்த்திகையில் நம்ம ஊரில் அவ்வளவு நேரம் கரண்ட் நிற்குமா? (2018 கஜா புயலுக்குப் பிறகு வேதாரண்யம் பக்கம் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தோமே.) நேராக எம்பி4 வீடியோவாக ரெண்டர் போட்டால் பதினோராவது மணி நேரத்தில் கரண்ட் போனாலும் ஃபைல் சரியாக முடியாமல் நிற்கும், பெரும்பாலும் திறக்காது. தனித்தனி பிஎன்ஜி படங்களாகப் போடுங்கள். முடிந்த படங்கள் அப்படியே இருக்கும். அவுட்புட் பகுதியில் 'ஓவர்ரைட்' டிக்கை எடுத்துவிட்டு, பாதியில் நின்ற கடைசிப் படத்தை அழித்துவிட்டு மறுபடி ரெண்டர் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். படங்களை வீடியோவாகக் கோர்ப்பதையும் பிளெண்டரிலேயே செய்யலாம், அதற்கு ரொம்ப நேரம் ஆகாது. வீட்டு இன்வெர்ட்டர் இருக்கிறது என்று நம்பாதீர்கள், பெரிய கிராஃபிக்ஸ் கார்டு போட்ட டெஸ்க்டாப் அது மாறுகிற நொடியிலேயே அணைந்துவிடலாம். தனியாக ஒரு யுபிஎஸ் வையுங்கள்.

"ராம் ஏத்தணும்ணே" என்று வருகிறவர்களில் பலருக்கு ராம் தேவைப்படுவதில்லை. பிளெண்டரில் தேர்ச் சக்கரத்தின் ஒவ்வொரு ஆரத்தையும் ஷிஃப்ட் டி போட்டு நகலெடுத்திருப்பார்கள், அது ஒவ்வொன்றுக்கும் தனி மெஷ் (உருவத்தின் வலைப் பின்னல்) உண்டாக்கி ராமை நிரப்பும். ஆல்ட் டி போட்டால் எல்லா ஆரமும் ஒரே மெஷ்ஷைப் பகிர்ந்துகொள்ளும். கடைக்கு வருமானம் குறைகிற ஆலோசனைதான், பரவாயில்லை.

தை, மாசியில் சம்பா அறுவடைத் தூசு ஃபேனில் அடைத்துக்கொள்ளும். சூடு ஏறினால் பிராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதனால் ரெண்டர் நேரம் திடீரென்று கூடினால் கார்டு வாங்க ஓடாமல் முதலில் ஃபேனைச் சுத்தம் செய்யுங்கள். லேப்டாப்பை மெத்தையில் வைக்காதீர்கள்.

நகல் எடுத்து வைக்கச் சொல்ல வேண்டியதில்லை, எல்லோரும் எடுக்கிறார்கள். எடுத்த ஹார்ட் டிஸ்க்கை மெஷினிலேயே செருகி வைத்திருப்பதுதான் வம்பு, ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். கழற்றி பீரோவில் வையுங்கள். எடுப்பதற்கு முன்னால் பிளெண்டரின் ஃபைல் மெனுவில் எக்ஸ்டர்னல் டேட்டா போய் 'பேக் ரிசோர்சஸ்' கொடுத்துவிடுங்கள், வெளியே இருக்கிற படங்களும் ஃபைலுக்குள்ளேயே வந்துவிடும். இல்லையென்றால் வேறு மெஷினில் திறக்கும்போது பெரிய கோவில் விமானம் முழுக்க ரோஸ் கலரில் நிற்கும். அப்படி நின்றாலும் பதற வேண்டாம், அது வைரஸ் இல்லை. மேலே ஒட்டிய கல் டெக்ஸ்சர் படம் எங்கே இருக்கிறது என்று பிளெண்டருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அதே மெனுவில் 'ஃபைண்ட் மிஸ்ஸிங் ஃபைல்ஸ்' கொடுத்துப் படங்கள் இருக்கிற ஃபோல்டரைக் காட்டுங்கள்.