கைவிடும் முடிவை மூளையில் எடுப்பது யார்?

"விடாமுயற்சி பிறவிக் குணமா சார்? ஜாதகத்திலேயே இருக்குமாமே?" என்று பதினோராம் வகுப்பு மாணவி ஒருவர் கேட்டிருந்தார். ஜாதகத்தில் யாருடைய குணமும் எழுதியிருப்பதில்லை, அதைத் தள்ளிவிடலாம். மற்றபடி நல்ல கேள்வி. அதையே சற்றுத் திருப்பிக் கேட்போம்: முயற்சியைக் கைவிடும் நொடியில் மூளைக்குள் என்ன நடக்கிறது?

அமெரிக்காவின் வர்ஜீனியாவில் உள்ள ஜனேலியா ஆய்வு வளாகத்தில், மிஷா அரென்ஸின் குழு இதற்கு ஜீப்ரா மீன் குஞ்சைத் தேர்ந்தெடுத்தது. நம் கங்கைச் சமவெளி ஓடைகளில் திரியும் மீன்தான். கலர் மீன் கடைகளிலும் கிடைக்கும். ஒரு வாரக் குஞ்சு அரை சென்டிமீட்டர்கூட இராது. உடலில் ஒளி ஊடுருவும் என்பதால், மண்டையைத் திறக்காமலே மூளை முழுவதும் வேலை செய்வதை நுண்ணோக்கியில் பார்க்கலாம்.

நீரோட்டம் இழுத்தால், தரை நகர்வதைக் கண்ணால் கண்டு குஞ்சு எதிர்நீச்சல் போடும். ஆய்வகத்தில் அதை அசையாமல் வைத்து, கீழே வரிக்கோடுகளை ஓடவிட்டார்கள். வாலுக்குப் போகும் நரம்புச் சைகையைக் கணினி கவனிக்கும். குஞ்சு நீந்த முயன்றால் கோடுகள் பின்வாங்கும். அப்புறம் இந்தத் தொடர்பைத் துண்டித்தார்கள். என்ன நீந்தினாலும் கோடுகள் தம் போக்கில்தான் ஓடும். குஞ்சு முதலில் இன்னும் மூர்க்கமாக நீந்தியது. பிறகு சட்டென நிறுத்தியது. சற்றுப் பொறுத்து மறுபடி முயன்றது.

களைத்துப்போய் நிறுத்தவில்லை. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். நீந்தியும் பலனில்லாத ஒவ்வொரு முறையும், பின்மூளையில் நார்அட்ரினலின் என்ற சைகை வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பு செல்கள் துடிக்கின்றன. அந்தச் சைகை போய்ச் சேருவது ஆஸ்ட்ரோசைட் வகைத் துணைச் செல்களுக்கு. நரம்பு செல்களுக்கு முட்டுக் கொடுப்பதும் ஊட்டம் தருவதும்தான் இவற்றின் வேலை என்று நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். மளிகைக்கடைக் கடன் நோட்டில் பாக்கி ஏறுவதுபோல, தோல்விக்குத் தோல்வி இவற்றினுள் கால்சியம் ஏறுகிறது. ஓர் அளவைத் தாண்டியதும் நீச்சலை அடக்கும் வேறு நரம்பு செல்கள் தூண்டப்படுகின்றன. வால் நின்றுவிடுகிறது.

சரி, கால்சியம் ஏறுவதும் வால் நிற்பதும் ஒரே நேரத்தில் தற்செயலாக நடக்கலாமே? அதையும் சோதித்தார்கள். அந்தத் துணைச் செல்களை லேசரால் அழித்தபோது, பலனில்லாவிட்டாலும் குஞ்சு நீந்திக்கொண்டே இருந்தது. அவற்றைச் செயற்கையாகத் தூண்டியபோது, தோல்வியே இல்லாமல் நின்றது. 2019-இல் 'செல்' (Cell) என்ற அறிவியல் இதழில் இது வெளியானது. ஆக, இந்தக் குஞ்சைப் பொறுத்தவரை கைவிடுவது என்பது முயற்சி தானாகத் தீர்ந்துபோவது அல்ல. மூளை கணக்குப் பார்த்துப் போடும் தடை.

மனிதரின் விடாமுயற்சியை மூளைச் செல்களின் இந்த ஒரு இணைப்புக்குள் அடக்கிவிட முடியாது. ஆனாலும் எலி மூளையின் ஆஸ்ட்ரோசைட்டுகளும் நார்அட்ரினலின் பட்டால் கால்சியத்தை உயர்த்துகின்றன. எனவே இது மீனோடு முடிகிற கதையல்ல. பெங்களூரின் தேசிய உயிரியல் அறிவியல் மையத்திலும் ஜீப்ரா மீன் குஞ்சுகளின் நீச்சலை ஆராய்கிறார்கள். 'மீன் நீந்துவதைப் பார்க்க மக்கள் பணமா?' என்று கேட்பவர்கள் உண்டு. தாராளமாகக் கொடுக்க வேண்டும் என்பேன், அதுவும் ஆண்டுக்கு ஆண்டு தடைபடாமல். துணைச் செல்கள் கணக்கு வைக்கும் என்று எந்த நிதி விண்ணப்பத்திலும் முன்கூட்டியே எழுதியிருக்க முடியாது.