பல்லிணை எஞ்சின்

கியர்டு லோகோமோட்டிவ் (geared locomotive), அதாவது கியர் வழியாகச் சக்கரத்தைச் சுற்றும் ரயில் எஞ்சின். அதைப் 'பற்சக்கர எஞ்சின்' என்று மொழிபெயர்த்திருப்பதை மறுபடியும் பார்த்துவிட்டேன். இந்த முறை, சிறிய அளவில் செய்த மாதிரி ரயில் ஒன்றைப் பற்றிய குறிப்பில். அதன் படத்தில் இருப்பதோ ஷே என்பவர் பெயரில் வழங்கும் கியர் எஞ்சின்.

கியர் நார்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். முதலில் உடை, தளவாடம் என்றே பொருள். பல் வைத்த சக்கரம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. அது போகட்டும்.

நம்மூரில் பற்சக்கர ரயில் என்றால் மேட்டுப்பாளையம் ரயில்தான். கல்லாறு தாண்டியதும் தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த சட்டம் தொடங்கும். எஞ்சினுக்கு அடியில் உள்ள பற்சக்கரம் அதைக் கவ்விக் குன்னூர் வரை ஏறும். அங்கே அந்தப் பெயர் பொருத்தம்.

மிச்சிகனில் மரத்தொழில் செய்த எஃப்ராயிம் ஷே 1881-இல் காப்புரிமை பெற்ற எஞ்சின் அப்படி ஏறுவதில்லை. என்னிடம் 87-இல் ஒரு பங்கு அளவில் அதன் மாதிரி இருக்கிறது. இடப்பக்கம் பார்த்தால் வெறும் சக்கரங்கள். வலப்பக்கம் திருப்பினால் நிமிர்ந்து நிற்கும் மூன்று சிலிண்டர்கள், அவற்றின் கீழே நீளத் தண்டு, அதிலுள்ள சிறு பற்சக்கரங்கள் அந்தப் பக்கத்து ஒவ்வொரு சக்கரத்தின் முகத்திலும் உள்ள பெரிய பற்சக்கரத்தோடு கோத்துக்கொண்டிருக்கும். தண்டு இரண்டு சுற்றுக்கு மேல் சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று வரும். அதனால்தான் மெதுவாக, ஆனால் செங்குத்தான மேட்டிலும் இழுக்கிறது. தண்டவாளத்தைத் தொடும் சக்கரத்தில் பல்லே கிடையாது.

ஆகவே 'பல்லிணை எஞ்சின்' என்பதே சரி. பல்லோடு பல் இணைவதைச் சொல்கிறது. சிலிண்டருக்கும் சக்கரத்துக்கும் நடுவே நடப்பதே அதுதான். இதே வகையைச் சேர்ந்த ஹைஸ்லர், கிளைமாக்ஸ் எஞ்சின்களில் தண்டு நடுவில் அடியில் ஓடும், பற்கள் வெளியே தெரியாது. அவற்றுக்கும் இந்தச் சொல் பொருந்தும். பல்கலைக்கழகம் போல 'பல இணை' என்று படிப்பார்களே என்று ஒரு மறுப்பு உண்டு. பல்வலி என்றால் பல வலி என்று யாராவது படிக்கிறார்களா? 'கியர் எஞ்சின்' என்று எழுதினாலும் எனக்குச் சம்மதமே, பொருளாவது கெடாது. பற்சக்கரம் என்று எழுதும்போதுதான் இரண்டு வேறு எஞ்சின்கள் ஒன்றாகிவிடுகின்றன.

அதே குறிப்பில் லாகிங் (logging) என்பதைப் 'பதிவு' ஆக்கியிருக்கிறார்கள். அந்தச் சொல்லுக்குப் பதிவு செய்தல் என்றும் பொருள் உண்டு, ஆனால் இங்கே அது மரம் வெட்டிக் கொண்டுவரும் தொழில். பதிவு எஞ்சினாம்! படத்தில் எஞ்சினுக்குப் பின்னால் வண்டி வண்டியாக மரக்கட்டைகள் அடுக்கியிருக்கின்றன. சொல்லை மட்டும் பார்த்து, படத்தைப் பார்க்காமல் எப்படி மொழிபெயர்க்கிறார்கள்? 'மரம் இழுக்கும் பல்லிணை எஞ்சின்' என்று எழுதியிருக்கலாம்.