பிரூனிசெம்: கரிசல் என்று எழுதலாமா?

சமீபத்தில் ஒரு புவியியல் மொழிபெயர்ப்பைத் திருத்தும் வேலை வந்தது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தைப் பற்றிய பகுதியில், 'அங்குள்ள வளமான கரிசல் மண்ணில் மக்காச்சோளம் செழித்து விளைகிறது' என்று இருந்தது. மூலத்தைப் புரட்டினால் அங்கே இருந்த சொல் பிரூனிசெம், புல்வெளியில் உருவாகும் ஒருவகைக் கருத்த பழுப்பு மண். கரிசலை அடித்துவிட்டேன். அப்புறம் அந்த இடத்தில் எதை எழுதுவது என்று அன்று முழுக்க மண்டையைக் குடைந்தது.

பிரூனிசெம் ஓர் ஒட்டுச்சொல். முன்பாதி பிரெஞ்சு, 'பிரூன்' என்றால் பழுப்பு. பின்பாதி ரஷ்யம், 'செம்லியா' என்றால் நிலம், மண். இதற்கு அச்சாக இருந்தது 'செர்னோசெம்', அதாவது கருநிலம். ரஷ்ய மக்கள் பேச்சில் இருந்த அந்தச் சொல்லை அறிவியலுக்குள் நிலைநிறுத்தியது 1883-ல் வசீலி தொகுச்சாயெவ் வெளியிட்ட ஆய்வு நூல். இந்தச் செம்லியாவும், இன்று மண்ணில் சேரும் மக்கைக் குறிக்கும் லத்தீனின் 'ஹியூமஸ்' என்ற சொல்லும் ஒரே வேரில் கிளைத்தவை. பூமியைக் குறிக்கும் சமஸ்கிருத 'க்ஷமா'வும் அந்த வேர்தான். ஹியூமஸ் நிறைந்த செர்னோசெம் என்று எழுதும்போது பிரிந்துபோன உறவுக்காரர்களை ஒரே பந்தியில் உட்கார வைக்கிறோம்.

இந்த மண்ணுக்கு முதலில் இருந்த பெயர் வேறு. 1938-ல் அமெரிக்க வேளாண் துறை வெளியிட்ட வகைப்பாட்டில் இது வெறும் 'பிரெய்ரி மண்'. பிரெய்ரி என்பதும் பிரெஞ்சுதான், புல்வெளி என்று பொருள். அந்தப் பெயரில் ஒரு சிக்கல் இருந்தது. உயரப் புல் வளர்ந்த அதே வெளியில் மேட்டு மண்ணும் உண்டு, தண்ணீர் தேங்கும் பள்ளத்து மண்ணும் உண்டு. மேற்கே மழை குறையக் குறைய செர்னோசெமும் வந்துவிடும். மூன்றின் மேலும் புல்தான். எல்லாவற்றையும் பிரெய்ரி மண் என்று அழைத்தால் எதைச் சொல்கிறோம்? அதனால்தான் 1950-களில், நீர் நன்றாக வடியும் மண்ணுக்கு மட்டும் பிரூனிசெம் என்ற தனிப்பெயர் புழக்கத்துக்கு வந்தது.

சரி, அந்த மண் எப்படி இருக்கும்? அயோவாவின் அடையாள மண்ணான 'டாமா'வையே எடுத்துக்கொள்ளலாம். மெஸ்குவாக்கி பழங்குடித் தலைவர் ஒருவரின் பெயரைத் தாங்கிய டாமா மாவட்டம் அங்கே இருக்கிறது. பனியுகத்தின் இறுதியில் ஆற்றுப் படுகைகளிலிருந்து காற்று அள்ளிவந்து கொட்டிய நுண்தூள்தான் இதன் தாய்ப்பொருள். நம் பாடநூல்கள் அதைக் காற்றடி வண்டல் என்கின்றன, நல்ல சொல். ஆள் உயரக் குழி வெட்டி ஒரு பக்கச் சுவரைச் செதுக்கிப் பார்த்தால், மேலே 25 முதல் 50 செ.மீ. வரை கருத்த பழுப்பு. ஈரமாக இருந்தால் கறுப்பு என்றே சொல்லத் தோன்றும். அதில் ஒரு பிடியை எடுத்து விரலால் நசுக்கினால் பொலபொலவென்று உதிரும். நனைத்துத் தேய்த்தால் மணலின் நறநறப்பு இல்லாமல் மாவுபோல் வழுவழுக்கும். அதற்குக் கீழே நிறம் தெளிந்து பழுப்பாகிறது, கட்டிகள் சற்றுக் கெட்டிப்படுகின்றன. மேலிருந்து நீரோடு இறங்கிய களி, அந்தக் கட்டிகளின் முகத்தில் மெழுகு பூசியதுபோல் மினுங்கும். இன்னும் கீழே போனால் மஞ்சள் கலந்த பழுப்பாக அந்தக் காற்றடி வண்டல்.

மேலடுக்கின் கருமைக்குக் காரணம் புல்லின் வேர். காட்டில் சருகு நிலத்தின் மேல் விழுந்து மக்குகிறது. புல்வெளியிலோ ஆண்டுதோறும் ஒரு பங்கு வேர் மண்ணுக்குள்ளேயே செத்து அங்கேயே மக்குகிறது. அங்கு வளர்ந்த உயரப் புற்களில் சிலவற்றின் வேர் 2 மீட்டருக்கும் கீழே போகும். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இப்படி நடந்ததில் சேர்ந்த மக்குதான் அந்த நிறம். மழை ஓரளவு தாராளமாக இருப்பதால் சுண்ணாம்பு கரைந்து கீழே போய்விடுகிறது. செர்னோசெமில் அப்படி இல்லை, வெண்சுண்ணம் கீழடுக்கில் தங்கிக் கண்ணுக்குத் தெரியும். இரண்டையும் பிரித்தறிய இது ஒரு நல்ல அடையாளம்.

'நன்கு வடியும்' என்பதையும் சற்று விளக்க வேண்டும். நம் வேளாண் கையேடுகளில் 'நல்ல வடிகால் வசதியுள்ள மண்' என்று எழுதுவது வழக்கம். படித்தால் யாரோ வாய்க்கால் வெட்டி வசதி செய்து கொடுத்ததுபோல் இருக்கிறது. இங்கே பேசுவது மண்ணின் இயல்பை. அமெரிக்க மண் ஆய்வில் இதற்கு மிகையாக வடிவது முதல் வடியவே வடியாதது வரை ஏழு படிகள் உண்டு. 'நன்கு வடியும்' என்ற படியில் நீர் தேங்காது, ஆனால் சல்லடையில் ஊற்றியதுபோல் ஓடியும் விடாது. பயிருக்கு வேண்டியது நிற்கும். குழியில் இறங்கிய ஆய்வாளர் இதை நிறத்தில் படிக்கிறார். காற்றோட்டம் இருந்தால் இரும்பு துருப்பிடித்துக் கீழடுக்கு சீரான பழுப்பாக இருக்கும். நீர் தேங்கினால் சாம்பல் நிறமும் ஆங்காங்கே துருப்புள்ளிகளும் தெரியும். பெயரில் பழுப்பு வந்தது சும்மா இல்லை.

இந்தப் பெயரும் நீடிக்கவில்லை. 1960-களில் அமெரிக்கா வகைப்பாட்டையே மாற்றிக்கொண்டது. டாமா மண் இப்போது 'ஆர்ஜியுடால்'. நன்னூல் படித்தவர்களுக்கு இதைப் பிரிப்பது எளிது, பகுபதம் மாதிரிதான். கடைசியில் நிற்கும் 'ஆல்' விகுதி. அது மாலிசால் என்ற பெருவகுப்பைக் காட்டும். லத்தீனில் 'மாலிஸ்' என்றால் மென்மை. நடுவில் 'யுட்', ஈரமான தட்பவெப்பம். முன்னால் 'ஆர்ஜி', களி இறங்கிச் சேர்ந்த அடுக்கு. களி அப்படிச் சேராத தம்பி மண்ணுக்கு 'ஹாப்லுடால்' என்று பெயர். ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு தனி வழியில் போய், மங்கிய நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லோடு அதே 'செம்' என்ற ரஷ்யப் பின்பாதியைச் சேர்த்து 'ஃபேயோசெம்' என்றது. அர்ஜென்டினாவின் பம்பாஸ் புல்வெளியில் பெரும்பரப்பு இந்த மண்தான்.

இப்போது தமிழுக்கு வருவோம். கரிசல் ஏன் கூடாது? கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் வேறு பிறவி. அதன் கருமை மக்கின் மிகுதியால் வந்ததல்ல. அங்கக கரிமம் பெரும்பாலும் 1 சதவீதத்துக்கும் குறைவு. அது ஈரத்தில் உப்பி, காய்ந்தால் வெடித்து, கல்லாக இறுகும் களிமண். 'மென்மை' என்ற பெயர் வாங்கிய மண்ணைக் கோடைக் கரிசலின் பெயரால் அழைத்தால் இரண்டுக்கும் அநியாயம். 'கருமண்' என்றால் செர்னோசெமோடு குழம்பும். 'புல்வெளி மண்' 1938-ல் பட்ட பாட்டைத்தான் பார்த்தோமே. 'பழுப்புமண்' பரவாயில்லை, ஆனால் பழுப்பு என்றதும் நம் மனத்தில் காய்ந்த இலை வருகிறது, பசையற்ற நிலம் வருகிறது. இலங்கைத் தமிழில் இதே நிறத்துக்குக் கபிலம் என்றும் மண்ணிறம் என்றும் சொல்வார்கள். மண்ணிற மண் என்று எழுதினால் சிரிப்பார்கள். கபிலம் பொருந்துகிறது. திருத்தத்தில் 'புல்வெளிக் கபிலமண்' என்று எழுதினேன். மாலிசாலுக்கு 'மென்மண்'. நன்கு வடியும் என்ற அடைமொழியை, இந்த மண் அறிமுகமாகும் முதல் இடத்தில் மட்டும் சேர்த்தால் போதும்.

ஒன்றை மட்டும் பதிப்பாசிரியருக்கு ஓரக்குறிப்பாக அனுப்பினேன். நன்கு வடியும் இந்த மண் பெரும்பாலும் சரிவுகளில் இருப்பது. உழவு தொடங்கியபின் மழை மேலடுக்கை அரித்துக்கொண்டே போகிறது. அந்தக் கருத்த அடுக்கு பொதுவாக 25 செ.மீ. என்ற வரம்புக்குக் கீழே மெலிந்துவிட்டால், விதிப்படி அது மாலிசால் ஆகாது. அதனால் அயோவாவின் மண் பதிவுகளில் சில வயல்கள் இன்றும் டாமா என்ற பெயரிலேயே இருக்கின்றன, பக்கத்தில் 'அரிக்கப்பட்டது' என்ற குறிப்போடு, வேறொரு வகுப்பில்.