தடிமனான கறிக்கத்தி வாங்குறவங்களும் செய்யறவங்களும் கொஞ்சம் கவனிங்க

போன மாசம் ஒருத்தர் ஒரு கறிக்கத்திய பேப்பர்ல சுத்திக் கொண்டாந்து பட்டறையில வச்சாரு. முதுகுல 6 மில்லி தடிமன், டி2 ஸ்டீல், பாக்க அவ்ளோ கம்பீரமா இருக்கு. வெட்டுற வாயைத் திருப்பிப் பாத்தா நடுவுல அரிசி அளவுக்கு ஒரு துண்டு காணோம். எங்கங்க அந்தத் துண்டுன்னு கேட்டேன், தொடை எலும்பு வெட்டும்போது தெறிச்சிருச்சு, குழம்பு வச்சப்புறம்தான் பாத்தோம், தேடியும் கெடைக்கலன்னாரு. வீட்ல சின்னப் புள்ள இருக்கு. எனக்கு மனசு பதறிடுச்சு, அதான் இதை எழுதுறேன்.

நெறைய பேர் "நல்லா ஹார்டான ஸ்டீல்ல செஞ்சு குடுங்க"ன்னுதான் கேக்குறாங்க. எலும்பு வெட்டுற கத்திக்கு ஹார்டா இருக்கறது முக்கியமில்லீங்க, அடி தாங்கணும், அதான் முக்கியம். டி2 நல்ல ஸ்டீல்தான், கார்பன் சுமார் 1.5 சதவீதம், குரோமியம் 12 சதவீதம், தகடு வெட்டுற டை, அதாவது அச்சு, செய்யறதுக்குன்னே வந்தது, கூர் ரொம்ப நாள் நிக்கும். ஆனா உள்ள இருக்கற கார்பைடு, அதாவது கார்பனும் குரோமியமும் சேந்த கெட்டியான துகள், பெருசு பெருசா இருக்கும், எலும்புல குறுக்க ஒரு திருகு திருகினா அங்கதான் விட்டுப் போகும். முதுகு எவ்ளோ தடிமனா இருந்தாலும் வாய்க்கு அது உதவாது.

நான் எலும்புக் கத்திக்கு எடுக்கறது லாரி பட்டைதான், லாரிக்கு அடியில அடுக்கா இருக்குமே அந்த ஸ்பிரிங் தகடு. கார்பன் 0.5ல இருந்து 0.6 வரைக்கும் இருக்கும், ரோட்டுல குதிச்சு குதிச்சு அடி வாங்கறதுக்குன்னே செஞ்ச ஸ்டீல். வண்டியில ஒடஞ்சு கழட்டுன பட்டைய மட்டும் எடுக்கவே மாட்டேன், கண்ணுக்குத் தெரியாத விரிசல் உள்ள ஓடியிருக்கும். உளி, பஞ்ச் செய்யற எஸ்7 டூல் ஸ்டீல் இதைவிட அடி தாங்கும், ஆனா அதுக்கு 940 டிகிரி சூடு சரியா வேணும், கரி உலையில கண்ணால பாத்து செய்யற வேலை இல்ல, டிகிரி காட்டுற ஃபர்னஸ் இருந்தா மட்டும் தொடுங்க.

தப்பு நடக்கறது பெரும்பாலும் சூடு வைக்கும்போதுதான். பட்டையில செஞ்ச கத்தில சுமார் 770 டிகிரியில காந்தம் ஒட்டாமப் போயிடும், அதுக்கு மேல கொஞ்சம், 830 பக்கத்துல போதும், இன்னும் நல்லா பழுக்கட்டும்னு மஞ்சளாகற வரைக்கும் விட்டா கத்தி கெட்டுச்சு. ஆரம்பத்துல நான் அப்படி விட்டதுல ஒன்னு ஒடஞ்ச எடத்தப் பாத்தேன், சர்க்கரை தூவுன மாதிரி மினுமினுன்னு குருணையா இருந்துச்சு, நல்ல கத்தி ஒடஞ்சா உள்ள சாம்பல் மாதிரி நைசா இருக்கும். அதனால அடிச்சு முடிச்சதும் மூணு தடவ சூடு பண்ணி காத்துலயே ஆற விட்டுட்டுதான் தொவச்சலுக்கு, அதாவது பழுத்த கத்திய முக்கி எடுக்கற வேலைக்குப் போறேன். தண்ணியில முக்காதீங்க, "டிங்"குனு ஒரு சத்தம் வரும், விரிசல் விட்டாச்சுன்னு அர்த்தம். 60 டிகிரிக்கு சூடு பண்ண சமையல் எண்ணெய் போதும். பழைய இன்ஜின் ஆயில் வேணவே வேணாங்க, அந்தப் புகை நுரையீரலுக்கு விஷம், சமையலுக்குப் போற கத்திய அதுல முக்க எப்படி மனசு வரும்? எண்ணெய் தீப்பிடிச்சா மூடறதுக்கு இரும்பு மூடி கையெட்டுற தூரத்துல இருக்கணும், தண்ணி ஊத்தக்கூடாது.

எண்ணெயிலருந்து எடுத்தது கண்ணாடி மாதிரி, கீழ விழுந்தாக்கூட ஒடையும். கை பொறுக்கற சூட்டுக்கு ஆறுனதும் ஓவன்ல 230 டிகிரியில 2 மணி நேரம், ஆற விட்டு இன்னொரு 2 மணி நேரம். அப்புறம் கிரைண்டர்ல வாய் நீலமாயிட்டா அந்த எடம் பதம் போச்சு, அடிக்கடி தண்ணியில முக்கிட்டே தேய்க்கணும், மாஸ்க் கட்டாயம்.

அவருக்கு பட்டையில 5 மில்லில ஒன்னு செஞ்சேன், வாய்க்கு பக்கத்துக்கு 25 டிகிரி. பழசைத் தேய்ச்சு, இத எலும்பில்லாக் கறிக்கு மட்டும் வச்சுக்கோங்கன்னு குடுத்தேன். புதுசை அவர் கண்ணு முன்னாடியே புளிய மரக் கட்டையில வச்சு தொடை எலும்பை நாலா வெட்டிட்டு, வாய் முழுக்க பஞ்சை ஓட்டிக் காட்டுனேன். ஒரு இழை கூட மாட்டல.