டிடிடி-யின் ஃபுல் ஃபார்ம்: எந்த விடைக்கு மார்க் போடுவது?

புதிதாக வேலைக்குச் சேருபவர்களுக்கு டீபக்கிங் வகுப்பு எடுப்பவன் நான். புரோகிராமில் உள்ள பிழைக்கு ‘பக்’, அதாவது பூச்சி, என்று பெயர்; அதைத் தேடித் திருத்துவதுதான் டீபக்கிங். வகுப்புக்கு வந்த ஒரு வினாத்தாளில் ‘டிடிடி-யின் ஃபுல் ஃபார்ம் என்ன?’ என்றொரு கேள்வி. கொடுத்திருந்த நான்கு விடைகளில் இரண்டு சரி. எதை எழுதினாலும் பாதிப் பேருக்கு மார்க் போகும்.

அமெரிக்காவின் எம்ஐடி-யில் டிஎக்ஸ்-0 கணினிக்காக 1960-இல் ஜாக் டென்னிஸும் தாமஸ் ஸ்டாக்ஹாமும் எழுதிய டீபக்கரின் (பக் தேட உதவும் புரோகிராம்) பெயர் ஃபிளிட். ‘ஃபிளெக்ஸோரைட்டர் இன்ட்டராகேஷன் டேப்’ என்று விரித்தார்கள். காகித நாடாவில் ஓட்டை போடும் டைப்ரைட்டர்தான் ஃபிளெக்ஸோரைட்டர். ஆனால் ஃபிளிட் என்பது அன்று அங்கே வீட்டுக்கு வீடு அடித்த பூச்சி மருந்தின் பெயரும்கூட. (நம் ஊர்ப் பெரியவர்களுக்கும் ஃபிளிட் பம்ப் தெரியும்.) மருந்தின் பெயரை முதலில் பிடித்துக்கொண்டு, அப்புறம்தான் எழுத்துக்கு ஏற்ற சொல் தேடியிருப்பார்கள் என்பது என் கணிப்பு.

அடுத்த ஆண்டே அங்கு பிடிபி-1 கணினிக்கு அதைவிட வீரியமான மருந்தின் பெயரில் ஒரு டீபக்கர் வந்தது: டிடிடி. லேபிளை (மெமரியில் ஓர் இடத்துக்கு வைத்த பெயர்) அடித்து ஒரு சாய்கோடு போட்டால் அந்த இடத்தில் மெமரியில் இருப்பதைக் காட்டும். அங்கேயே புது மதிப்பை அடித்து மாற்றலாம். அப்போதைய விரிவாக்கம் ‘டெக் டீபக்கிங் டேப்’. டெக், கணினியைச் செய்த நிறுவனம். பிறகு நாடாவுக்கு வேலை குறைந்ததும், எழுத்துகளை அப்படியே வைத்துக்கொண்டு ‘டைனமிக் டீபக்கிங் டெக்னிக்’ ஆக்கினார்கள். இது ஊகமில்லை, டெக்-இன் பிடிபி-10 கணினிக் கையேட்டின் அடிக்குறிப்பே இதைச் சொல்கிறது. பூச்சிக்கொல்லியோடு குழப்பம் வராது, இரண்டும் கொல்லும் பூச்சிகள் வேறு என்று ஒரு கிண்டலும் அதில் உண்டு. சிபி/எம் என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கு வந்தபோது கடைசிச் சொல் ‘டூல்’ ஆனது. டெக் கணினிகளின் இன்னொரு டீபக்கரான ஓடிடி-யும் இப்படித்தான்: பிடிபி-8-இல் முதல் எழுத்து ‘ஆக்டல்’, பிடிபி-11-இல் ‘ஆன்-லைன்’.

‘பக்’ என்ற சொல்லே 1947-இல் ஹார்வர்டு மார்க் 2 கணினியில் சிக்கிய அந்துப்பூச்சியால் வந்தது என்பார்கள். ‘உண்மையிலேயே பக் கிடைத்த முதல் சம்பவம்’ என்று அன்றைய பதிவேட்டில் எழுதியிருக்கிறது. ஆனால் சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இல்லாவிட்டால் அந்தக் கிண்டலே எடுபடாது. எடிசன் 1878-லேயே கடிதத்தில் எழுதிய சொல் அது.

எனவே ஸ்லைடிலோ கையேட்டிலோ ஃபுல் ஃபார்ம் போடுபவர்கள் எந்தக் கணினி, எந்த ஆண்டு என்பதையும் சேர்த்துப் போடுங்கள். ‘1961-இல் பிடிபி-1-இல்’ என்று சேர்த்த பிறகு எங்கள் வினாத்தாளில் அந்தக் கேள்விக்கு ஒரே விடைதான்.