அயனிக் கற்றை: சொல்லும் அளவும்

விண்கலத்தின் மின் உந்துபொறியிலிருந்து பாய்ந்து வெளியேறும் அயனிகளின், அதாவது மின்னூட்டம் பெற்ற அணுக்களின், ஓட்டமே இங்கே பேசும் அயனிக் கற்றை.

‘அயனி’ கடன்சொல். 1834இல் மின்பகுப்பைப் பற்றி எழுதிய மைக்கேல் ஃபாரடேவுக்குக் கேம்பிரிட்ஜ் அறிஞர் வில்லியம் ஹியூவெல் எடுத்துக்கொடுத்த கிரேக்கச் சொல் இது. பொருள், ‘செல்வது’. உத்தராயணத்தில் வரும் ‘அயனம்’ என்ற வடசொல்லும் செல்லுதலையே குறிக்கிறது. இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை. காதுக்கு இவ்வளவு நெருங்கிவிட்ட சொல்லை விலக்கிப் புதிதாக ஒன்றை ஆக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

‘கற்றை’யோ நம் சொல். ஆங்கிலத்தின் ‘பீம்’ முதலில் மரத்தைக் குறித்தது; வீட்டு உத்தரத்துக்கும் அங்கே அதுதான் பெயர். விறைப்பான ஒற்றைக் கட்டை. தமிழில் வைக்கோல் கற்றை, கற்றைக் குழல், பக்திப் பாடல்களின் கற்றைச் சடை எல்லாம் பல இழைகள் சேர்ந்தவை, நுனியில் விரிபவை. சிலர் எழுதும் ‘தாரை’ நீருக்குப் பொருந்தும். இழை இழையாக அளக்கப்படும் ஒன்றுக்குக் கற்றையே சரி.

அளக்கும் முறையைப் பார்த்தால் இது விளங்கும். 2003இல் புறப்பட்டு நிலவை அடைந்த ஐரோப்பிய ஸ்மார்ட்-1 கலத்தை ஓட்டியது, மின்புலத்தால் அயனிகளை முடுக்கும் ஹால் வகைப் பொறி. இத்தகைய பொறியில் 300 வோல்ட் மின்னழுத்தம் செனான் வாயுவின் அயனியை நொடிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வேகத்துக்குத் தள்ளிவிடும். தரைச் சோதனையில் பொறியை வெற்றிடக் கலனுக்குள் இயக்கி, அதன் முன்னே ஃபாரடே கிண்ணம் என்ற உலோக அளவுகருவியை ஒரு கரத்தில் பொருத்தி அரைவட்டமாக நகர்த்துகிறார்கள். சிறு துளைவழியே நுழையும் அயனிகள் கிண்ணத்தில் மோதித் தரும் மின்னோட்டத்தைக் கோணம் கோணமாகக் குறிக்கிறார்கள்.

கிண்ணம் ஆழமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. மோதும் அயனி உலோகத்திலிருந்து எலக்ட்ரானைத் தட்டிவிடும். ஒரு எலக்ட்ரான் வெளியே தப்பினால், இன்னொரு அயனி உள்ளே வந்ததுபோலவே கருவி காட்டும். அளவு பொய்யாகக் கூடிவிடும். ஆழமான கிண்ணத்தில் அந்த எலக்ட்ரான் சுவரில் பட்டு அடங்கிவிடுகிறது.

நடுக்கோட்டில் அளவு உச்சம் தொடும். விலக விலகக் குறையும். 60 பாகை விலகிச் செல்லும் இழை, கலத்தை முன்னே தள்ளுவதில் நேராகச் செல்லும் இழையின் பாதிதான். இன்னும் ஒதுங்கிய இழைகள் கலத்தின் சூரியத் தகடுகளில் பட்டு அவற்றை அரிக்கக்கூடும். பொறியைக் கலத்தில் எங்கே பொருத்துவது என்பதைத் தீர்மானிக்கும்போது பொறியாளர்கள் கவலையோடு பார்ப்பது இந்த ஓர இழைகளைத்தான்.